குரோருட்டில் ஓர் எரிந்த நகரம்

12 ஜனவரி 2003, ஞாயிறு

மின்சாரம் விலை ஏறிவிட்டதாம். தமிழ்ச் சங்க மண்டபத்தில் வெப்பமூட்டியைப் பாதியில் வைத்திருந்தார்கள். எல்லோரும் குளிர் அங்கியைக் கழற்றாமல் இருந்து சித்திரை விழாவைப் பற்றிக் கதைத்தோம். வாயைத் திறந்தால் புகை வந்தது. இராசதுரை அண்ணை தலைவர் என்பதால் அவருக்குத்தான் அதிகப் புகை.

வழமைபோல் பிள்ளைகளின் நடனம், பட்டிமன்றம் என்று போய்க்கொண்டிருக்கையில் ஸ்ரீலேகா எழும்பினாள். கோயம்புத்தூர்ப் பிள்ளை, இங்கே ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தில் ஏதோ இரசாயன ஆராய்ச்சி செய்கிறாள். கல்லூரியில் நாடகம் போட்டவளாம். பழைய கிரேக்க நாடகம் ஒன்றைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறாளாம். கதையைச் சொன்னாள். ஒரு நகரம் நெடுங்கால முற்றுகைக்குப் பிறகு எரிகிறது. ஆண்கள் எல்லோரும் செத்துப்போனார்கள். மிஞ்சிய பெண்கள் கடற்கரையில் இருக்கிறார்கள். வென்றவர்கள் சீட்டுப் போட்டு அவர்களைப் பங்கிட்டு, ஒவ்வொருத்தியாகக் கப்பலில் ஏற்றுகிறார்கள். அவ்வளவுதான்.

பிறகு இராசதுரை அண்ணை கேட்டார்:

"கடைசியில என்ன நடக்கும்?"

"கப்பல் போயிடும்ங்க."

"அதுக்குப் பிறகு?"

"நாடகம் முடிஞ்சிடும்ங்க."

"ஒரு டான்ஸ்கூட இல்லையோ?"

சறோ அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உது எங்கட கதையெல்லோ பிள்ளை? உதை ஆர் அந்தக் கிரேக்கனுக்குச் சொன்னது?" என்றா.

வாக்கெடுப்பில் பெண்கள் பக்கம் வென்றது. நானும் கையைத் தூக்கினேன். உண்மையைச் சொன்னால், விறைத்த கையில் கொஞ்சம் இரத்தம் ஓடட்டும் என்றுதான்.

19 ஜனவரி, ஞாயிறு

நான் அரசி!

பார்னஹாகேயில், அதுதான் பாலர் பள்ளியில், இத்தனை வருடம் சின்னப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வளர்ந்த குரல் ஒருவழியாகப் பயன்படப் போகிறது. கிரேக்கப் பெயர்கள் ஒருத்தர் வாயிலும் நுழையவில்லை. ஸ்ரீலேகா அலுத்துப்போய், அரசி, மருமகள், தூதன் என்று மாற்றிவிட்டாள். சறோ அக்காவும் இன்னும் நாலு பெண்களும் அழுகிற கூட்டம்.

மருமகளாக மலர். நிஜத்தில் என் மச்சாள், அண்ணாவின் மனைவி. 1996இல் ஊரில் அண்ணாவை இராணுவத்தின் ஒரு வீதிச் சோதனையில் பஸ்ஸால் இறக்கினார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. பிறகு மலர் எப்படியோ இங்கே வந்து சேர்ந்தாள். இப்போது எங்கள் கட்டடத்திலேயே இரண்டு மாடி மேலே இருக்கிறாள். அண்ணா உயிரோடு இருக்கிறார் என்பது எங்கள் வீட்டு முடிவு. அதை யாரும் கூட்டம் போட்டு எடுக்கவில்லை.

தூதனுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. வென்றவர்களின் ஆள், வந்து வந்து கெட்ட செய்தி சொல்ல வேண்டும். எதிரியின் ஆளாக மேடையேற ஒரு ஆம்பிளையும் தயாரில்லை. இவரைக் கேட்டேன். "கிழமை முழுக்க பஸ்ஸில சனத்தை ஏத்தி இறக்கிறன். ஞாயிற்றுக்கிழமை கப்பலிலயும் ஏத்தவோ?" என்றார். கடைசியில் கிளெமென்ற் ஒப்புக்கொண்டார். மன்னார்க்காரர், ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் மீன் விற்கிறார். மனைவி நோய் வந்து இறந்து சில வருடம். மலருக்கு மருமகள் வேடம் என்று அறிவித்த கையோடு கையைத் தூக்கினார். பாவம், அடுத்த முறை சங்கச் செயலாளராக வரும் எண்ணம் போலிருக்கிறது.

26 ஜனவரி

முதல் ஒத்திகை. தமிழுக்கும் தமிழுக்கும் சண்டை.

ஸ்ரீலேகா: "அக்கா, இப்ப நீங்க மருமககிட்ட நல்லா பேசுங்க."

நான்: "ஏன் பேச வேணும்? அவள் என்ன பிழை விட்டவள்?"

அவளுக்கு விளங்கவில்லை. எங்களுக்குப் பேசுவது என்றால் ஏசுவது, கதைப்பது என்றால்தான் கதைப்பது என்று துஷாரா விளக்கினாள். என் மகள், இங்கே பிறந்தவள். இரண்டு தமிழுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்தாள், அதுவும் பாதி நோர்வேஜிய மொழியில்.

பிறகு தேத்தண்ணி இடைவேளை முடிந்தது. ஸ்ரீலேகா கையைத் தட்டினாள். சறோ அக்கா கோப்பையை வைக்காமல், "பொறும் பிள்ளை, ஆறுதலா அழுவம்" என்றா. மெதுவாக என்ற அர்த்தத்தில்தான்.

"அய்யோ, ஆறுதல் வேண்டாங்க! ஆறுதலே இல்லாம அழணும்!"

9 பெப்ரவரி, ஞாயிறு

தூதன் அழுகிறார். பெண்கள் அழ வேண்டிய இடத்தில் பெண்கள் அழுகிறார்கள், அது சரி. மருமகளின் குழந்தையைக் கொல்ல வாங்கிக்கொண்டு போகும் இடத்தில், வாங்குகிறவரே விம்மினால் என்ன செய்வது? மலர் வெறும் துவாயைச் சுருட்டிக் குழந்தையாக வைத்திருந்தாள். அந்தத் துவாயை வாங்கக் கிளெமென்ற்றுக்குக் கை நடுங்குகிறது.

"சார், நீங்க கல் மாதிரி இருக்கணும்" என்றாள் ஸ்ரீலேகா.

"நான் மீன் வெட்டேக்கையே கண்ணைப் பாக்கமாட்டன் தங்கச்சி" என்றார் கிளெமென்ற்.

எல்லோருக்கும் மீன் கட்லற் கொண்டுவந்திருந்தார். மலருக்கு வயிற்றெரிச்சல் என்று உறைப்பில்லாமல் வேறாக ஒரு பெட்டி. வாக்குச் சேர்ப்பதென்றால் இப்படித்தான் சேர்க்க வேண்டும். ஒருத்தரையும் விடுகிறார் இல்லை.

15 பெப்ரவரி, சனி

ஈராக்கில் போர் வேண்டாம் என்று நகரத்தில் பெரிய ஊர்வலம். நானும் துஷாராவும் போனோம். ஒஸ்லோவில் இவ்வளவு சனம் இருக்கிறதென்று இன்றுதான் தெரிந்தது. பக்கத்தில் வந்த ஒரு வயதான நோர்வேஜிய அம்மா என் கையில் பதாகையின் ஒரு கம்பைத் தந்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போனா. திரும்பி வரவேயில்லை. கடைசிவரை நான்தான் பிடித்தேன். என்ன எழுதியிருந்தது என்று இன்னும் தெரியாது.

23 பெப்ரவரி

மேடைப் பொருட்கள். இறந்த குழந்தையைத் தகப்பனின் கேடயத்தில் வைத்துத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். கேடயத்துக்கு எங்கே போவது? பிள்ளைகள் பனியில் சறுக்கும் பிளாஸ்ரிக் தட்டு ஒன்றுக்கு இவர் வெள்ளிப்பூச்சு அடித்தார். நன்றாகத்தான் இருக்கிறது. பின்பக்கம் திருப்பினால் மட்டும் ஒரு பென்குயின்.

குழந்தைக்கு பார்னஹாகேயில் இருந்து ஒரு பொம்மை இரவல் வாங்கி வந்தேன். சரித்தால் "மம்மா" என்று கத்துகிறது. இவரிடம் கொடுத்து, சத்தப்பெட்டியை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

9 மார்ச்

இராசதுரை அண்ணை ஒத்திகை பார்க்க வந்தார். முழுவதும் பார்த்தார். கண்ணைத் துடைத்தார். பிறகு, "வடிவா இருக்கு. ஆனா சித்திரை விழாவெல்லோ? கடைசியில அந்தக் கப்பலை ஒருக்காத் திருப்பேலாதோ?" என்றார்.

"எப்படிங்க திருப்புறது?"

"காத்து மாறினதெண்டு வையுமன். அல்லது சமாதானப் பேச்சு. இப்ப எல்லா இடமும் அதுதானே நடக்குது."

ஸ்ரீலேகா தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

20 மார்ச், வியாழன்

ஈராக்கில் தொடங்கிவிட்டார்கள். வேலையால் வந்து தொலைக்காட்சியைப் போட்டேன். மலர் கீழே இறங்கி வந்து பக்கத்தில் இருந்தாள். ஒரு நகரத்துக்கு மேலே பச்சையாக வெளிச்சம். இரண்டு பேருக்கும் அந்தச் சத்தம் தெரியும். அவள்தான் நிறுத்தினாள்.

"மச்சாள், ஒரு விசயம் கதைக்க வேணும்."

"சொல்லும்."

"பேந்து சொல்லுறன்."

தாச்சியில் வெங்காயம் கருகிவிட்டது. நானும் திரும்பக் கேட்கவில்லை.

23 மார்ச், ஞாயிறு

எழுதினால் கோபம் அடங்குமா என்று பார்க்கிறேன்.

ஒத்திகை முடிந்து இரண்டு பேரும் ரி-பானே ரயிலில் வந்தோம். மலர் யன்னலைப் பார்த்தபடி சொன்னாள்:

"மச்சாள், கிளெமென்ற் கேக்கிறார்."

"என்னவாம்?"

"என்னைத்தான் கேக்கிறார்."

கடவுளே, நான் எவ்வளவு மடைச்சி! "சங்கத்துக்கோ?" என்று கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. "கலியாணத்துக்கு."

உறைப்பில்லாத கட்லற்! துவாயை வாங்கும்போது நடுங்கிய கை! துஷாரா உட்பட எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அரசிக்கு மட்டும் ஒரு தூதனும் வந்து சொல்லவில்லை.

"அண்ணா இருக்கேக்கையோ?" என்று கத்திவிட்டேன். சறுக்குக் கட்டைகளோடு முன்னால் இருந்த நோர்வேஜியர் மெதுவாக எழும்பி வேறு பெட்டிக்குப் போனார்.

"இருக்கிறார் எண்டு ஆர் சொன்னது மச்சாள்?"

"இல்லையெண்டு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அதுதான்." குரலை உயர்த்தவேயில்லை அவள். "அந்த நாடகத்து மருமகளுக்குப் புருசன் செத்தது தெரியும். கண்ணால கண்டவள். எனக்கு அதைக்கூட ஒருத்தரும் தரேல்லை. செத்திட்டார் எண்டு நான் சொல்லமாட்டன். வருவார் எண்டும் இனிச் சொல்லேலாமக் கிடக்கு. எனக்கு முப்பத்தாறு வயசாகுது."

நாங்கள் இருக்கும் குரோருட் வர முதலே ஒரு தரிப்பிடத்தில் இறங்கிவிட்டேன். கோபத்தில் நடந்தேன். பனிக்கட்டியில் சறுக்கி, ஒரு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோபமாகப் போகிறவளுக்கு இந்த நாட்டு நிலமாவது ஒத்துழைக்கலாம்.

அண்ணா எண்ட ஒரு சொல்லை இவ்வளவு காலமும் இரண்டு பேருமாத்தானே தூக்கிக்கொண்டு வந்தம்? ஒரு பக்கத்தை அவள் விட்டிட்டா — மற்றப் பக்கத்தை மட்டும் பிடிச்சுக்கொண்டு நான் என்னண்டு தனிய நடக்கிறது?

24 மார்ச்

நாடகத்துக்கு இனிப் போவதில்லை.

28 மார்ச், வெள்ளி

ஸ்ரீலேகா வீட்டுக்கே வந்துவிட்டாள். குசினியில் இருந்து என் இடியப்பத்தை ஒரு கை பார்த்தாள். பிறகுதான் கதைத்தாள்.

"அக்கா, உங்க குடும்ப விஷயத்துல நான் வரலைங்க. எனக்கு ராணி வேணும்."

"சறோ அக்காவைப் போடும்."

"சறோ அக்காவை ராணி ஆக்கினா, ஆடி மாசம் வரைக்கும் கப்பல் கிளம்பாதுங்க. அவங்க அழுது முடிக்கணுமே."

சிரித்துவிட்டேன். சிரித்தது எனக்கே பிடிக்கவில்லை.

"கோபமா இருக்கேன் பிள்ளை" என்று அவளுடைய தமிழிலேயே சொன்னேன்.

"கோபத்தோடயே வாங்க. அந்த ராணிக்கு அழுகையை விடக் கோபம்தான் ஜாஸ்தி. இத்தனை நாளா நீங்க அதைத் தரவேயில்லைங்க."

போகும்போது மிச்சச் சொதியையும் ஒரு போத்தலில் ஊற்றிக் கொண்டுபோனாள்.

30 மார்ச்

போனேன். ஆனால் மலரோடு கதையில்லை. நாடக வசனத்தைத் தவிர ஒரு சொல்லும் இல்லை. அதில் ஒரு சிக்கல் வந்தது. அவள் என் சீலை நுனியில் ஏறி நின்றாள். நகரச் சொல்ல வேண்டும். கதைக்கவும் கூடாது.

"துயரத்தில் மூழ்கியவளே!" என்றேன். "உன் பாதம் இந்த முதியவளின் ஆடையை மிதிக்கிறது."

"அரசியே, விதி என்னை இங்கே நிறுத்தியது" என்றாள் அவள். நகர்ந்தாள்.

ஸ்ரீலேகா பிரதியைப் புரட்டிப் புரட்டித் தேடினாள். "இது எந்தப் பக்கத்துல வருது?"

6 ஏப்ரல்

இந்தக் கிழமை மின்தூக்கியில் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டோம். அவள் கையில் பால், என் கையில் குப்பைப் பை.

"அரசியே, எந்தத் தளம்?"

"தாழ்ந்த தளம், மகளே. நான் இனி இறங்குவது தவிர வேறென்ன?"

உள்ளே நின்ற பக்கத்து வீட்டு நோர்வேஜியர், தமிழ் மிகவும் அழகான மொழி என்று சொன்னார்.

கிளெமென்ற் என்னைக் கண்டால் தூணுக்குப் பின்னால் போகிறார். கட்லற் மட்டும் வருகிறது, யார் கையிலாவது. நான் தொடவில்லை. துஷாரா என் பங்கையும் சாப்பிடுகிறாள். "அம்மா, அவர் நல்ல மனிசன். நீங்கள் ஏன் இவ்வளவு ஸ்த்ரெங்?" என்றாள். கண்டிப்பு என்று அர்த்தம். பதினேழு வயதில் அவளுக்கு எல்லாம் லேசு. அவள் அண்ணாவின் மடியில் ஒரு நாளும் இருக்கவில்லை.

13 ஏப்ரல்

எனக்கு ஒரு வசனம் வாயில் வரமாட்டேன் என்கிறது. அரசி மருமகளுக்குச் சொல்வது: "இறந்தவனை இனி அழைக்காதே. புதிய வீட்டில் மதிப்போடு வாழ்." ஒவ்வொரு முறையும் முதல் சொல்லில் நிற்கிறேன். கிளெமென்ற் கூரையைப் பார்க்கிறார். மலர் பொம்மையின் சட்டைப் பொத்தானைப் பூட்டுகிறாள், கழற்றுகிறாள், பூட்டுகிறாள்.

27 ஏப்ரல், ஞாயிறு

நேற்று நாடகம். மண்டபம் நிறைய சனம். உள்ளூர்ப் பத்திரிகையில் இருந்தும் ஒரு பெண் வந்திருந்தாள். இது ஈராக்கைப் பற்றியதா என்று சறோ அக்காவிடம் கேட்டாளாம். "இல்லை, எங்கட சொந்தக்காரரைப் பற்றினது" என்று சறோ அக்கா நோர்வேஜிய மொழியில் சொன்னாவாம். அந்தப் பெண் அதை எழுதிக்கொண்டாள்.

தொடக்கம் நன்றாகவே போனது. எனக்குக் கோபம் ஊறி வந்தது. நகரத்தை எரித்தவர்களை நான் சபித்த சாபத்தில் முன் வரிசையில் ஒரு குழந்தை வீரிட்டது.

பிறகு அந்த இடம் வந்தது. மலர் பொம்மையோடு முன்னால் நிற்கிறாள். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

திரைக்குப் பின்னால் துஷாரா, "இறந்தவனை" என்று கிசுகிசுத்தாள். நான் பேசாமல் நின்றேன். "இறந்தவனை!" கொஞ்சம் பலமாக. எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்திருக்கிறாள். மூன்றாவது முறை மண்டபம் முழுவதும் கேட்டது. முன் வரிசையில் இருந்த ஒரு மாமி உதவி செய்யும் நல்ல எண்ணத்தில், "பிள்ளை, இறந்தவனையாம்!" என்றா. பின் வரிசையில் ஒருவர், "என்னவாம்?" "இறந்தவனையாம்!" மண்டபமே எனக்கு எடுத்துக் கொடுக்கிறது. நான் சொல்லவில்லை. அந்த வசனத்தை அப்படியே விட்டுவிட்டு, "கப்பல் காத்திருக்கிறது" என்றேன்.

மலர் என்னைப் பார்த்தாள். நான் ஏன் அதைச் சொல்லவில்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

தூதன் வந்தார், குழந்தையை வாங்க. "என்னை மன்னியுங்கள், நான் வெறும் தூதன்" என்பது வசனம். அதை மருமகளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கிளெமென்ற் என்னைப் பார்த்துச் சொன்னார். கன்னத்தில் கண்ணீர் ஓடுகிறது. பொம்மையை வாங்கிச் சரித்தார்.

"மம்மா!" என்றது பொம்மை.

"மாமாவாம்!" என்றார் பின் வரிசைக்காரர்.

மண்டபம் வெடித்தது. (இவரிடம் பிறகு கேட்டேன். "பிள்ளையளின்ர பொம்மையை வெட்டினாப் பழுதாப்போகுமெல்லோ? பஞ்சு அடைச்சனான்" என்றார்.) சிரிப்புச் சத்தத்தில் மலரும் சிரித்தாள். வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. குலுங்கிக்கொண்டே இருந்தது. அது சிரிப்பில்லை என்று முதலில் முன் வரிசைக்குத் தெரிந்தது, பிறகு அடுத்த வரிசைக்கு. சிரிப்பு வரிசை வரிசையாக அணைந்தது. சறோ அக்கா பிரதியில் இல்லாத ஒரு ஒப்பாரியைத் தொடங்கினா. யாரும் அவவை நிறுத்தவில்லை. கப்பல் காத்திருந்தது.

முடிவில் இராசதுரை அண்ணை நன்றியுரை சொன்னார்: "இந்தச் சோக நாடகத்தை மிகவும் மகிழ்ச்சியாக நடத்தித் தந்த அனைவருக்கும்…"

4 மே, ஞாயிறு

கட்டடத்தின் கீழ் அறையில் உடுப்புத் தோய்க்கும் முறை இன்று எங்களுக்கு. நாடகத்து வெள்ளைச் சீலைகள் முழுவதையும் கொண்டு இறங்கினேன். மலர் அங்கே நின்றாள். அவளுடைய முறை முடியவில்லை, இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே போவதா, நிற்பதா? சீலை மூட்டை பாரம். நின்றேன்.

"அரசியே—" என்று தொடங்கினாள்.

"விடும். அலுத்துப்போச்சு."

இரண்டு பேரும் இயந்திரத்தைப் பார்த்தோம். பிறகு அவள் சொன்னாள்:

"அவருக்கு பேர்கனில ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு. அவற்ர தங்கச்சியும் அங்கைதான். என்னையும் வரச்சொல்லிக் கேக்கிறார். நீங்கள் வேண்டாம் எண்டாப் போகேல்லை மச்சாள்."

அவள் அதைச் சொன்ன விதம்! கோபமில்லை, கெஞ்சலில்லை. தீர்ப்பைக் கேட்க வந்து நிற்பவள் போல நின்றாள். மூன்று மாதமாக நான் அரசி வேடம் போட்டு, சீட்டுப் போட்டுப் பெண்களைப் பங்கிடுகிறவர்களைச் சபித்துக்கொண்டிருந்தேன். இங்கே சீட்டு என் கையில்தான் இருந்திருக்கிறது. அதுவும் சவர்க்காரக் கையோடு.

"அண்ணா செத்திட்டார் எண்டு என்னால சொல்லேலாது மலர்."

"நானும் சொல்லச் சொல்லிக் கேக்கேல்லை."

"நாளைக்கு வந்து நிண்டா?"

"வந்தா…" அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "வந்தா மூண்டு பேரும் இருந்து கதைப்பம். வரட்டும் மச்சாள். வந்தாப் போதும். எனக்குப் பேசட்டும், அடிக்கட்டும்."

இயந்திரம் நடுங்கி நடுங்கி நின்றது. யோசிக்காமலே வாயில் வந்தது:

"காத்திருக்கிறதை நான் பாக்கிறன். நீர் போம்."

அவள் என் கையைப் பிடிக்கவில்லை, காலில் விழவில்லை. இயந்திரக் கதவைத் திறந்து ஈர உடுப்பை எல்லாம் வெளியே எடுத்தாள். பிறகு என் மூட்டையை அவிழ்த்து, சீலைகளை ஒவ்வொன்றாக உள்ளே போட்டாள். நான் ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் இருந்தேன். சீலைகள் சுற்றி முடியும்வரை இரண்டு பேரும் அழுதோம். இராசதுரை அண்ணை பார்த்திருந்தால் ஒரு நடனம் கேட்டிருப்பார்.

17 மே

நோர்வேயின் தேசிய நாள். ஊர்வலம் பார்க்க மலரும் கிளெமென்ற்றும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். பெரிய இடைவெளி விட்டுத்தான் நின்றார்கள். ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியக்குழுவே நடுவால் போகலாம். என்றாலும் முழுச் சங்கமும் கண்டது.

1 ஜூன்

தொலைபேசி ஓயவில்லை. கல்யாணப் பதிவுக்குக் காகித அலுவல்கள் இருக்கின்றன, காலம் எடுக்குமாம். அதுவரை நோர்வேக்காரரைப்போல் ஒரே வீட்டில் சேர்ந்து வாழப்போகிறார்கள். இராசதுரை அண்ணை எடுத்து, "தங்கச்சி, சனம் கதைக்குது" என்றார்.

"கதைக்கட்டும் அண்ணை. பேசினாச் சொல்லுங்கோ, நான் வந்து பேசுறன்."

துஷாரா குசினியில் இருந்து கை தட்டினாள்.

12 ஜூலை, சனி

மலர் பேர்கனுக்குப் போனாள். ஒஸ்லோ நிலையத்தில் ரயில் புறப்படும் நேரத்தில் சறோ அக்கா ஒப்பாரி தொடங்கிவிட்டா. கிளெமென்ற் யன்னலால் தலையை நீட்டி, "அக்கா, பேர்கன்தான், ஏழு மணித்தியாலம்தான்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டே தானும் அழுதார். துஷாரா என் காதில், "அரசி கடைசியில மருமகளைத் தூதனுக்கே குடுத்திட்டா" என்றாள். நுள்ளினேன்.

வீட்டுக்கு வந்து மின்தூக்கியில் பழக்கத்தில் இரண்டு மாடி மேலே அழுத்திவிட்டேன்.

3 ஒக்டோபர், வெள்ளி. பேர்கன்

இலையுதிர்கால விடுமுறை. தனியாக வந்தேன். நேற்றுப் பின்னேரம் வந்து இறங்கியதில் இருந்து மழை. இது மழை இல்லையாம், தூறலாம். மழை இனித்தானாம், வருடம் முழுக்க இந்த ஊரில் இப்படித்தானாம். கிளெமென்ற் இப்போது ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளுகிறார். நோயாளிகளோடு சேர்ந்து அழுவதாக மலர் முறைப்பாடு.

சின்ன வீடு. இருக்கும் அறையில் ஒரு தட்டு. அதில் கிளெமென்ற்றின் இறந்த மனைவியின் படம், முன்னால் சின்ன மின்சார மெழுகுதிரி. பக்கத்தில் அண்ணாவின் படம். கல்யாணத்துக்கு எடுத்தது, அதே கோணல் கழுத்துப்பட்டி. மாலை இல்லை. விளக்கு இல்லை. கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

கிளெமென்ற் பின்னால் வந்து தொண்டையைச் செருமினார்.

"அவருக்கு லைற் வைக்கேல்லை அக்கா. மலர் வைக்க விடமாட்டா." பிறகு, "எனக்கும் வைக்க மனமில்லை" என்றார். துணி எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, படம் இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தார்.

பின்னேரம் மூன்று பேருமாகத் துறைமுகம் பார்க்கப் போய் மூன்று பேரும் தெப்பமாக நனைந்து வந்தோம். நான் கொண்டுவந்த உடுப்பு முழுவதும் ஈரம். மலர் எல்லாவற்றையும் வாங்கி வீடு முழுக்கக் கொடி கட்டிப் போட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும் என்றேன்.

"உடுப்புக் காயுமட்டும் நில்லுங்கோ மச்சாள்."

இவருக்குத் தொலைபேசி எடுத்தேன். எப்போது வருகிறீர் என்றார்.

"உடுப்புக் காய்ஞ்ச உடனை."

"பேர்கனிலயோ?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் சிரித்தார். "சரி, நானும் பிள்ளையும் பாண் சாப்பிடுவம். நீர் ஆறுதலா வாரும்."